மலைநாட்டு வீட்டுத்தோட்டத்தில் கொடி உரோசா

நெல், உருளைக்கிழங்கு, மரக்கறி ஆகியவற்றின் செய்கை பற்றிய ஆலோசனைகளை எதிர்பார்க்கும் கமக்காரருக்கு உரோசாவைப் பற்றிக் கூறுவது எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. மலைநாட்டு வீட்டுத்தோட்டங்களிற் பெரும்பாலானவை சிறியன. தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் 2015ஆம் ஆண்டின் பின்னர் அமைக்கப்பட்ட தனி வீடுகளுக்கு ஏழு பேர்ச்சஸ் நிலம் ஒதுக்கப்பட்டது. ஏழு பேர்ச்சஸ் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடியாகும். வீடும் முற்றமும் கழிய எஞ்சும் நிலம் கோவாவிற்கும் லீக்சிற்கும் போஞ்சிக்குமே போதாது. அதற்குள் ஒரு பூப்பாத்தி அமைத்தல் வீண் எனக் கருதுவோர் கூற்றைத் தவறென்று தள்ளிவிட முடியாது.

ஆயினும் வேலியோரமும் சுவரோரமும் மரக்கறி விளையாத இடங்கள். கொடி உரோசா ஒன்றிற்கு வேண்டிய மண் இரண்டடிச் சதுரமே. மற்றைய இடத்தை அது வேலியின்மீதும் சுவரின்மீதும் தேடிக்கொள்ளும். முள்ளுள்ள இனத்தை நட்டால் ஆடு மாடுகளைத் தடுக்கும் வேலியாகவும் அது பயன்படும். மாரியம்மன் கோவில் திருவிழாவிற்கும், வீட்டுச் சாமி படத்திற்கும், பெண்களின் கூந்தலுக்கும் பூ வேண்டும். ஏப்ரல் மாதத்து வசந்தகாலத்தில் நுவரெலியாவிற்கு வருவோர் பூவை விலை கொடுத்தும் வாங்குவர். நன்கு பராமரிக்கப்பட்ட செடி இருபது, முப்பது ஆண்டுகள் நின்று பயன் தரும்.

கொடி உரோசாவை நட்டோம், வளர்ந்தது, ஆனாற் பூக்கவில்லை என்று கூறுவோர் மலைநாட்டிற் பலர். அவர்களின் செடிகளை ஆராய்ந்தால் இரண்டு காரணங்களே திரும்பத் திரும்பக் காணப்படும். ஒன்று, இந்த நாட்டிற்கு ஒவ்வாத இனத்தைத் தெரிந்தமை. மற்றொன்று, தேயிலைக்குச் செய்வதுபோல உரோசாவிற்கும் கவ்வாத்துச் செய்தமை. இவ்விரண்டையுமே இங்கு விரித்துக் கூறுவோம். பிற விடயங்களைத் தேவையான அளவிற்கு மட்டும் கூறுவோம்.

கொடி உரோசாவின் இயல்பு

கொடி என்று அழைப்பினும் இஃது போஞ்சியைப்போற் கம்பைச் சுற்றி ஏறுவதன்று. பாகலைப்போற் சுருள்தந்து விட்டுப் பற்றுவதுமன்று. நீண்ட தண்டுகளை வெளியே வீசி, வளைந்த முட்களால் அயலிலுள்ள மரத்திற் கொளுவிக்கொண்டு மேலெழும் செடியே இது. ஆதலால் வீட்டுத்தோட்டத்தில் இதனைக் கட்டித்தான் ஏற்றுதல் வேண்டும். கட்டாது விட்டால் இரண்டாம் ஆண்டிலேயே வழியை மறிக்கும் முட்புதராகிவிடும்.

பூக்கும் இயல்பைக்கொண்டு கொடி உரோசாக்களை இரு வகுப்பாகப் பிரித்தறிதல் போதுமானது. ஒரு வகுப்பு ஆண்டுக்கொருமுறை மாத்திரம் பூப்பது. மற்றைய வகுப்பு ஆண்டு முழுவதும் விட்டுவிட்டுப் பூப்பது. இரண்டாவது வகுப்பிற் சில, பற்றை உரோசாவாக இருந்த இனங்களில் இயற்கையாகத் தோன்றிய நெடுந்தண்டுக் கிளைகளைப் பிரித்தெடுத்துப் பெருக்கியவை. இவ்வகையைப் பற்றிக் கவ்வாத்துப் பகுதியில் மீண்டும் கூற வேண்டியுள்ளது.

இனத்தைத் தெரிதல்

குளிர்நாட்டு நூல்களிற் புகழப்படும் இனங்கள் பல எமது மலைகளிற் பயன் தருவதில்லை. 1901ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டொரதி பேர்க்கின்ஸ்’, 1902ஆம் ஆண்டின் ‘அமெரிக்கன் பில்லர்’ போன்றவை, நீண்ட குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கிப் பின்னர் கோடையின் தொடக்கத்தில் ஒரேயொரு முறை பூத்து ஓய்பவை. நுவரெலியாவில் தை, மாசி மாதத்து இரவுகளில் உறைபனி விழுவதுண்டு. எனினும் காலை வெயில் ஏறியதும் அது கரைந்துவிடுகின்றது. மாதக்கணக்காகத் தொடரும் குளிர்காலம் என்று ஒன்று இங்கில்லை. உறங்கும் காலம் கிடையாத இத்தகைய செடிகள் இலையும் தண்டுமாக மண்டிப் பூவிற் குறைவுபடும். ‘டொரதி பேர்க்கின்ஸ்’ வெண்தூள் நோய்க்கும் எளிதில் இரையாவது. படத்தைப் பார்த்து இவற்றை வாங்குதல் ஆகாது.

எமக்கு ஏற்றவை சீன நாட்டு வழிவந்த உரோசாக்கள். 1809ஆம் ஆண்டிலும் 1824ஆம் ஆண்டிலும் கன்ரன் பகுதியிலிருந்து இங்கிலாந்திற்குக் கொண்டுசெல்லப்பட்ட இரு சீன உரோசாக்களின் வழித்தோன்றல்களை மேனாட்டார் ‘தேயிலை உரோசா’ என அழைத்தனர். பூவின் மணம் தேயிலையின் மணத்தை ஒத்தது என்பதே அப்பெயருக்குக் கூறப்படும் காரணம். தேயிலைச் செடியின் தாயகமும் இவ்வுரோசாக்களின் தாயகமும் பெரிதும் ஒன்றே. இவற்றின் மூதாதையாகிய ‘ரோசா ஜைகான்டியா’ என்னும் காட்டுரோசா மணிப்பூர், பர்மா, யுன்னான் ஆகிய இடங்களின் மலைக்காடுகளில் மரவுச்சி வரை ஏறும் பெருங்கொடி. 1882ஆம் ஆண்டில் சேர் ஜோர்ஜ் வாட் என்பவர் மணிப்பூரில் இதனைக் கண்டு சேகரித்தார். இதன் வழிவந்தவை குளிர்கால உறக்கத்தை வேண்டுவதில்லை. வளருமிடத்தில் ஈரமும் மிதமான வெப்பமும் இருக்கும்வரை வளர்வதும் பூப்பதுமாக இருக்கும்.

இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டே, தமிழ்நாட்டின் பழனி மலைத்தொடரிலுள்ள கொடைக்கானலில் எம். எஸ். வீரராகவன் என்னும் இனவிருத்தியாளர் பல்லாண்டுகள் உழைத்தார். குளிர்நாட்டு உரோசாக்களை வெப்பநாட்டிற் பழக்குவதைவிட, வெப்பநாட்டுக் காட்டுரோசாக்களிலிருந்தே புதிய இனங்களை ஆக்குதல் நன்று என்பது அவர் கொள்கை. ‘ரோசா ஜைகான்டியா’வைப் பெற்றோராகக் கொண்டு அவர் ஆக்கிய கொடியினங்களில் ஒன்று, 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கோல்டன் திரெஷோல்ட்’. கொடைக்கானல் ஏறக்குறைய 7,000 அடி உயரத்திலுள்ளது. நுவரெலியா 6,100 அடிக்குச் சற்று மேல். அங்கு தழைக்கும் செடி இங்கும் தழைக்குமென எதிர்பார்த்தல் பொருந்தும்.

இனி, பக்கத்திற்குப் பக்கம் மழை வேறுபடுவதைக் கவனித்தல் வேண்டும். அட்டன், நோர்வூட், மஸ்கெலியா ஆகிய மேற்குச் சரிவுப் பகுதிகளில் வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவமழை ஓயாது பெய்யும். இதழ் மிக நெருங்கிய பெரும்பூக்கள் அம்மழையில் விரிய மாட்டா. வெளியிதழ்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டி, மொட்டு உருண்டையாகவே அழுகி நிற்கும். ஆகையால் அப்பக்கத்தார் இதழ் குறைந்த இனங்களையும், பூ தலைகவிழ்ந்து தொங்கும் இனங்களையும் தெரிதல் வேண்டும். கவிழ்ந்த பூவில் மழைநீர் தங்காது. 1917ஆம் ஆண்டின் ‘கொடி லேடி ஹில்லிங்டன்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மஞ்சட் செம்மை கலந்த பூ, செந்நிறத் தளிர், இனிய மணம் ஆகியன அதற்குண்டு. 1894ஆம் ஆண்டின் ‘கொடி செசில் புரூனர்’ விரல்நுனியளவு இளஞ்சிவப்பு மொட்டுகளைக் கொத்தாகத் தருவது. தலையிற் சூட இதனினும் ஏற்றது வேறில்லை. ஆனால் இது மிகப் பெரிதாக வளரும்.

வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்தார்க்கு மழை குறைவு; ஆனி, ஆடி மாதங்களில் உலர்காற்றும் வீசும். பழைய இனமாகிய ‘மரெஷால் நீல்’ (1864) அவ்விடத்திற்கே உரியது. அதன் தூய மஞ்சட் பூவிற்கும் மணத்திற்கும் ஈடு கூறுதல் அரிது. அட்டனில் அதனை நடுதல் பணத்தை நீரில் விடுதலாகும்.

‘கொடி ஐஸ்பேர்க்’ (1968) எங்கும் பூக்கும் வெண்ணிற இனம். முள் மிகக் குறைவு. சிறுவர் ஓடியாடும் வாயிற்புறத்திற்கு ஏற்றது. ஆயினும் ஈரம் மிகுந்த இடத்திற் கரும்புள்ளி நோயைத் தாங்காது. ‘கொடி பீஸ்’ என்பதைப் பலரும் விரும்பிக் கேட்பர். அது பூக்கத் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் செல்லும். இடமும் மிகுதியாக வேண்டும். சிறு வீட்டுத்தோட்டத்தார் அதனை விட்டுவிடுதலே நன்று.

பாங்ஷியா உரோசா ஆண்டுக்கொருமுறை பூக்கும் வகுப்பினதாயினும் மேற்கூறிய விதிக்கு விலக்கானது. எமது உயர்ந்த மலைகளின் சிறு குளிரே அதற்குப் போதும். முள்ளில்லாத தண்டு, நகக்கண்ணளவு பூக்கள், ஆயிரமாயிரமாகக் கொத்துகள். இவ்வுரோசாவின் வரலாற்றில் இலங்கைக்கும் ஓர் இடமுண்டு. 1807ஆம் ஆண்டிற் சீனத்தின் கன்ரனிலிருந்து இதன் வெள்ளையினத்தை இங்கிலாந்திற்கு அனுப்பிய வில்லியம் கெர் என்பவரே 1812ஆம் ஆண்டிற் கொழும்பு, கொம்பனித்தெருவில் அமைந்திருந்த அரச பூந்தோட்டத்திற்கு அதிபராக வந்து, 1814ஆம் ஆண்டில் இந்நாட்டிலேயே காலமானார். பாங்ஷியா மிகப் பெரிய கொடி. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டூம்ஸ்ரன் நகரில் 1885ஆம் ஆண்டில் நடப்பட்ட ஒரு செடி, உலகின் மிகப் பெரிய உரோசாச் செடியாகக் கருதப்படுகின்றது. ஏழு பேர்ச்சஸ் நிலத்தில் இதற்கு இடமில்லை. பாடசாலை, கோவில், பொது மண்டபம் ஆகியவற்றின் மதிலுக்கே இஃது ஏற்றது.

செடி வாங்குமுன் ஒரு முறை ஹக்கலைப் பூந்தோட்டத்திற்குச் சென்று பார்த்து வருதல் நன்று. 1861ஆம் ஆண்டிற் கொயினா மரச் செய்கைக்காகத் தொடங்கப்பட்ட அப்பூந்தோட்டம், ஏறக்குறைய 5,500 அடி உயரத்திலுள்ளது; அதன் உரோசாப் பகுதி பெயர்பெற்றது. வசந்தகாலத்திற் போனால் எல்லாச் செடியும் அழகாகவே தோன்றும். ஆடி மாதத்து மழையிற் போய்ப் பாருங்கள். அப்பொழுதும் இலையோடும் பூவோடும் நிற்கும் இனம் எதுவோ அதுவே உங்களுக்குரிய இனம்.

இடமும் மண்ணும்

மேனாட்டு நூல்கள் கொடி உரோசாவைத் தென்சுவரில் ஏற்றுக எனக் கூறும். அஃது அவர்களின் நாட்டிற்குப் பொருந்தும். எமது மலைநாடு பூமத்தியரேகைக்கு வடக்கே ஏழு பாகை அளவிலேயே இருப்பதாற் சூரியன் தலைக்கு மேலாகவே செல்கின்றது. தென்சுவர், வடசுவர் என்ற வேற்றுமை பெரிதன்று. இங்கு கவனிக்கவேண்டியது கிழக்கும் மேற்குமே. மலைநாட்டிற் பல மாதங்களிற் காலையில் வெயில் இருக்கும். நண்பகலின் பின் மூடுபனியும் மழையும் வந்துவிடும். ஆகையாற் கிழக்கு நோக்கிய சுவரிலோ, காலை வெயில் தடையின்றி விழும் வேலியிலோ ஏற்றுதல் வேண்டும். இரவுப் பனியால் நனைந்த இலை விரைவில் உலர்ந்தால் நோயிற் பாதி நீங்கும்.

தகரக்கூரையின் நீர் விழும் கோட்டிற்கு நேர்கீழே நடுதல் கூடாது. சுவரிலிருந்து ஒன்றரை அடியேனும் விலக்கி, கூரைநீர் வேரைத் தாக்காதவாறு நடுக. யூக்கலிப்டஸ் மரத்தின் அருகே எதுவும் நன்கு வளராது, உரோசாவும் அப்படியே. பள்ளத்தாக்கின் அடியிலுள்ள வீட்டினர், உறைபனி தங்கும் தாழ்ந்த மூலையை விலக்குக. குளிர்ந்த காற்று நீரைப்போலவே தாழ்விடத்தை நோக்கி வழிந்து தேங்குவது.

தேயிலை நின்ற மண் அமிலத்தன்மை மிக்கது. தேயிலைக்கு அதுவே வேண்டும். உரோசாவிற்கு வேண்டிய பீ.எச். பெறுமானம் 6 முதல் 6.5 வரை, தேயிலை மண்ணிலோ அது 4.5 முதல் 5.5 வரையே இருப்பது வழக்கம். புதிய வீட்டிற்கென வெட்டிச் சமப்படுத்திய நிலத்தில் இக்குறை மேலும் மிகும். மேல்மண் போய் அடிமண்ணே மேலே வந்திருக்கும். குழியொன்றிற்கு 250 கிராம் அளவு தொலமைட்டை மண்ணோடு கலந்து, இரண்டு மூன்று வாரம் ஆறவிடுக. விறகடுப்புச் சாம்பலும் உதவும். உருளைக்கிழங்கு, தக்காளி செய்த பாத்தியிலிருந்து மண் எடுத்து வந்து குழியை நிரப்புதல் கூடாது. அம்மண்ணோடு வேர்முடிச்சு வட்டப்புழுவும் வந்து சேரக்கூடும். ஒருமுறை குடிபுகுந்த வட்டப்புழுவை முப்பது ஆண்டுச் செடியின் வேரிலிருந்து அகற்றல் இயலாத காரியம்.

நடுகை

இரண்டடி நீளம், அகலம், ஆழமுள்ள குழி வெட்டுக. சரிவான நிலத்தில் மேற்புறத்து நீர் குழிக்குள் இறங்காதபடி ஒரு சிறு கானை வளைத்து வெட்டிவிடுதல் வேண்டும். நன்கு மக்கிய மாட்டெருவோ கூட்டெருவோ இரண்டு கூடை, மேல்மண்ணோடு கலந்து இடுக. மக்காத எரு வேரைச் சுடும். சித்திரை மழையோடும், கடும் பருவமழை தணிந்த புரட்டாசி, ஐப்பசியிலும் நடலாம். மேற்குச் சரிவில் ஆனி, ஆடி மாதங்களில் நட்ட செடி நீர் தேங்கி வேரழுகும். உறைபனி விழும் இடங்களில் மார்கழி முதல் மாசி வரை நடுகை வேண்டாம்.

ஒட்டுச்செடியாயின் ஒட்டிய இடம் மண்மட்டத்திற்குச் சற்று மேலிருக்க நடுக. அவ்விடத்திற்குக் கீழிருந்து எழும் தளிர்கள் காட்டுரோசாவின் தளிர்கள். அவற்றை மண்ணைக் கிளறி, அடியோடு பிய்த்து நீக்குதல் வேண்டும். மேலாக வெட்டினால் ஒன்று நான்காகும்.

மண்ணின்மேல் மானாப்புல் அல்லது குவாத்தமாலாப் புல்லை வெட்டி மூன்றங்குலக் கனத்திற்கு மூடாக்கிடுக. அடித்தண்டைத் தொடாமல் நான்கங்குல இடைவெளி விடுக.

தண்டுகளை வளைத்துக் கட்டுதல்

வேலிக்கம்பங்களுக்கிடையே ஒன்றரை அடிக்கொன்றாகக் கம்பி இழுத்துக் கட்டுக. கம்பத்திற்கு உலர்ந்த கிரெவில்லியா மரம் நன்று. முள்முருங்கைத் தடியை நட்டால் அது வேர்விட்டுத் தழைத்து நிழல் செய்யும்; பின்னர் அதனை வெட்டுவதே வேலையாகிவிடும்.

தண்டை மேல்நோக்கி நேராக விட்டாற் செடியின் வலிமை யாவும் நுனிக்கே செல்லும். நுனியரும்பிலிருந்து கீழிறங்கும் ஓமோன் கீழுள்ள கண்களை உறங்கச் செய்வதே அதற்குக் காரணம். ஆறடித் தண்டொன்று நேராக நின்றால் உச்சியில் இரண்டு மூன்று பூக்களே காணும். அவையும் கூரைக்கு மேலே நிற்குமாதலால் அயலவரே அவற்றைக் கண்டு மகிழ்வர். அதே தண்டை மெல்ல வளைத்துக் கம்பியோடு கிடையாகக் கட்டிவிட்டால் அதன் கண்கள் பெரும்பாலும் விழித்து, ஒவ்வொன்றும் ஒரு சிறு கிளை விட்டுப் பூக்கும். இளந்தேயிலையின் கிளைகளை வளைத்து முளையடித்துப் படரவிடும் முறையை அறிந்தோர்க்கு இதனை விளக்கத் தேவையில்லை. நுட்பம் ஒன்றே.

தண்டு பச்சையாக இருக்கும்போதே வளைத்தல் வேண்டும். முற்றிய தண்டை ஒரே நாளில் வளைத்தால் முறியும். வாரத்திற்குச் சிறிது சிறிதாகத் தாழ்த்துக. கட்டுவதற்குக் கம்பி கூடாது. காற்றிற் தண்டு அசையும்போது தோலை அறுத்துவிடும். தும்புக்கயிறு, வாழைநார், கிழித்த பழந்துணி ஆகியவற்றால் எட்டின் வடிவிற் தளர்வாகக் கட்டுக. தண்டுகளைக் கம்பிக்குப் பின்னாற் செருகுதலும் வேண்டாம். பிற்காலத்தில் எடுத்துக் கழிக்க முடியாது.

கவ்வாத்து

மலைநாட்டார் கத்திபிடிப்பதிற் பிறர்க்குச் சளைத்தவரல்லர். கவ்வாத்துக்காரரின் ஒரே வீச்சில் விழும் சாய்வான, பிசிறற்ற வெட்டு உரோசாவிற்கும் மிக ஏற்றது. பிழை வெட்டிலன்று, வெட்டும் உயரத்திலும் நோக்கத்திலுமே உள்ளது.

தேயிலையை மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கொருமுறை மட்டமாக வெட்டி இறக்குவது எதற்கு? புதிய தளிர் வேண்டும் என்பதற்காக. தேயிலை பூத்தால் அது நட்டம். உரோசாவிலோ பூவே பயன். கொடி உரோசாவின் பூ, நிலத்திலிருந்து புதிதாக எழும் தடித்த தண்டில் அவ்வாண்டிற் பெரும்பாலும் தோன்றுவதில்லை. சென்ற ஆண்டும் அதற்கு முன்னும் எழுந்து முற்றிய தண்டின் பக்கக் கிளைகளிலேயே தோன்றும். அத்தண்டை முழங்காலளவிற்கு வெட்டியெறிந்தால் வருகின்ற ஆண்டின் பூ முழுவதையும் வெட்டியெறிந்ததாகும். செடி சாகாது. மாறாக, வெட்டிய இடத்திலிருந்து ஆளுயரத் தண்டுகளை ஆவேசமாக எழுப்பும். அதைக் கண்டு, இன்னும் வெட்டு வேண்டும் போலும் என எண்ணி அடுத்த ஆண்டும் வெட்டுவர். இவ்வாறே ஐந்தாறு ஆண்டு பூவைக் காணாத செடிகளை மலைநாட்டு முற்றங்களிற் காணலாம். பற்றையினத்திலிருந்து பிரிந்த கொடியினங்களை இளமையில் அடியோடு வெட்டினால் அவை கொடியியல்பையே இழந்து மீண்டும் பற்றையாகிவிடுதலும் உண்டு.

செய்யவேண்டிய முறை பின்வருமாறு. முதலிரண்டு ஆண்டும் கத்தியைத் தொட வேண்டாம். காய்ந்தது, முறிந்தது, நோயுற்றது ஆகியவற்றை மாத்திரம் நீக்குக. மூன்றாம் ஆண்டு முதல், கிடையாகக் கட்டிய முதன்மைத் தண்டுகளை விட்டுவிட்டு, அவற்றிலிருந்து எழுந்து பூத்தோய்ந்த பக்கக் கிளைகளை இரண்டு மூன்று கண் விட்டு வெட்டுக. ஐந்தாறு முதன்மைத் தண்டுகள் சேர்ந்த பின்னர், ஆண்டுக்கு மிகப் பழைய தண்டு ஒன்றை அடியில் வெட்டியகற்றி, அவ்விடத்திற் புதிய தண்டு ஒன்றைக் கட்டுக. இவ்வாறு செய்தாற் செடி என்றும் இளமையாயிருக்கும். ஆண்டுக்கொருமுறை பூக்கும் பாங்ஷியாவை மாத்திரம் பூத்து முடிந்த பின்னரே கழித்தல் வேண்டும்.

வசந்தகாலத்திற் பூ வேண்டுவோர் மாசி பிறந்ததும் பக்கக் கிளைகளை வெட்டுக. நுவரெலியாவின் குளிரில் வெட்டிலிருந்து பூவிற்கு இரண்டு மாதத்திற்குக் குறையாது செல்லும். தையிலேயே வெட்டினால் அதனால் எழும் இளந்தளிர் உறைபனியிற் கருகக்கூடும்.

பசளை

கழித்தவுடன் ஒரு கூடை கூட்டெரு, பருவமழை ஓய்ந்த பின் மற்றொரு கூடை. பெரும்பாலான வீட்டுச் செடிகட்கு இதுவே போதும். மரக்கறிக்கென வாங்கிய யூரியாவின் மிச்சத்தை உரோசாவிற்கு இடுவது பலர் வழக்கம். அதனால் இலை கறுத்துப் பெருக்கும், பூ குறையும், அழுக்கணவன் மொய்க்கும்.

நோயும் பீடையும்

மழைக்காலத்துப் பகை கரும்புள்ளி நோய். இலையில் ஓரம் பிசிறிய கரும்புள்ளிகள் தோன்றி, சூழ மஞ்சளாகி, இலை உதிரும். இப்பங்கசு முளைப்பதற்கு இலை ஏழெட்டு மணிநேரம் தொடர்ந்து நனைந்திருத்தல் வேண்டும். ஆகையாற் காற்றோட்டமும் காலை வெயிலுமே முதல் மருந்து. உதிர்ந்த இலைகளை வாரந்தோறும் பொறுக்கி எரித்துவிடுக. கூட்டெருக் குழியிற் போட வேண்டாம். மாலையில் இலைமேல் நீர் ஊற்றுதல் கூடாது.

தை முதல் பங்குனி வரை, பகல் வெயிலும் இரவுக் குளிருமான காலத்தில் வெண்தூள் நோய் தளிரிற் படியும். நனையும் கந்தகத்தைத் தெளித்தால் அடங்கும். மூடுபனி நீடிக்கும் வாரங்களில் இலையில் ஊதா நிறத் திட்டுகள் தோன்றி, இலைகள் திடீரெனக் கொட்டுமாயின் அஃது வேறு நோய். கீழ்ப்பூஞ்சண நோய் என்பர். நோயுற்ற தளிரை உடன் வெட்டி எரித்து, பகுதி விவசாயப் போதனாசிரியருக்கு அறிவித்து அவர் கூறும் பங்கசுநாசினியைப் பயன்படுத்துக.

தேயிலையின் கொப்புள நோய் 1946ஆம் ஆண்டில் இலங்கையில் தோன்றிய காலந்தொட்டுச் செப்பு மருந்து தோட்டத்தாருக்குப் பழக்கமானது. அதே மருந்தை அதே அளவில் உரோசாவிற்கும் தெளித்தல் தவறு. குளிரும் ஈரமும் சேர்ந்த காலநிலையிற் செப்பு உரோசாவின் இலையைச் சுட்டு, ஊதாப் புள்ளிகளை உண்டாக்கி உதிர்க்கும். அதனை நோயென்று கருதி மேலும் தெளிப்போரும் உளர்.

மற்றொரு சேதம் நோயுமன்று, பீடையுமன்று. வேலிக்கப்பாலுள்ள தேயிலை மலையிலோ, பாதையோரத்திலோ தெளித்த கிளைபோசேற்றுக் களைநாசினி காற்றில் வந்து படிந்தால், உடனே ஒன்றும் தெரியாது. அடுத்த தளிர் வரும்போதே இலைகள் புல்லைப்போல ஒடுங்கி, விளக்குமாறு போலக் கொத்துக்கொத்தாக முளைக்கும். இதற்கு மருந்தில்லை. பாதித்த கிளையை நல்ல தண்டு வரை வெட்டிவிடுக. தெளிக்கும் நாளை முன்னரே கேட்டறிந்து, செடியைச் சாக்கினால் மூடுதல் நன்று.

அழுக்கணவனைச் சவர்க்கார நீராற் கழுவலாம். வெறுங்கையால் நசுக்கினாலும் போதும். வீட்டுச் சுவரில் ஏறும் செடிக்குக் கடும் பூச்சிநாசினி தெளித்தல் அறவே கூடாது. சன்னலுக்கு அப்பால் உறங்குவது குழந்தை. மலைச்சரிவிற் கழுவுண்ட மருந்தும் கீழுள்ளோர் குடிக்கும் ஊற்றிலேயே சேரும்.

தண்டு நட்டுப் பெருக்குதல்

மேற்கூறிய இனங்களிற் பல, தண்டு நட்டால் எளிதில் வேர்கொள்வன; ‘மரெஷால் நீல்’ மாத்திரம் ஒட்டினாலே நன்று. தேயிலைத் தண்டுகளைப் பொலித்தீன் பைகளில் நட்டு வளர்க்கும் நாற்றுமேடையில் வேலை செய்தோர் இதற்குப் புதியவரல்லர். பூத்தோய்ந்த கிளையிற் பென்சிற் கனமுள்ள பகுதியை ஏழெட்டு அங்குல நீளத்திற்கு வெட்டுக. கீழ்வெட்டு ஒரு கணுவிற்குச் சற்றுக் கீழும், மேல்வெட்டு ஒரு கணுவிற்குச் சற்று மேலும் அமைதல் வேண்டும். உச்சியில் இரண்டு இலையை விட்டு ஏனையவற்றைக் கிள்ளுக. பாதி மணலும் பாதி மண்ணும் கலந்த பையில், தண்டின் மூன்றிலிரண்டு பங்கு புதையுமாறு ஊன்றி, நிழலில் வைத்துப் பொலித்தீன் தாளால் மூடிவைக்க. குளிர்ந்த மலைகளில் வேர்விட இரண்டு மாதத்திற்கு மேலும் செல்லலாம். இழுத்துப் பார்த்தல் கூடாது. புதிய இலை இரண்டு முறை வந்தபின் மூடியை நாளுக்கு நாள் சிறிது சிறிதாகத் திறந்து பழக்கி, ஆறு மாதத்தின் பின் நடலாம். இவ்வாறு தன்வேரில் நிற்கும் செடிக்குக் காட்டுத்தளிர்த் தொல்லையில்லை. உறைபனியில் மேற்புறம் கருகினாலும் அடியிலிருந்து எழுவது அதே இனமாகவே இருக்கும்.

லயன் வீடுகளின் முன்னால் பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் நட்டுவைத்த பழஞ் செடிகள் இன்றும் பல தோட்டங்களில் உண்டு. புதிய வீட்டிற்கு மாறுவோர் அவற்றைப் பிடுங்கிக்கொண்டு போக முயல்கின்றனர். முப்பது ஆண்டுச் செடியின் வேரைக் கிளறி எடுத்தால் அது பிழைப்பது அரிது. வீடும் செடியும் இரண்டுமில்லை என்றாகும். வீடு கட்டத் தொடங்கும்போதே பத்துத் தண்டு வெட்டி ஊன்றிவிடுக. வீடு முடியும்போது நாலைந்தேனும் நடுவதற்குத் தயாராயிருக்கும். தாய்ச்செடி நின்ற இடத்திலேயே நிற்கட்டும். இப்பழஞ் செடிகளுட் சில, நாற்றுமேடைக்காரரிடம் இன்று கிடையாத இனங்களாகவும் இருக்கக்கூடும்.

நட்ட ஒவ்வொரு செடிக்கும் இனத்தின் பெயரையும் நட்ட மாதத்தையும் ஒரு தகரத்துண்டில் ஆணியாற் கீறிக் கம்பத்தில் அறைந்துவைக்க. பெயர் தெரியாத பழஞ் செடியாயின், அது ஆண்டுக்கொருமுறை பூப்பதா, பன்முறை பூப்பதா என்பதை ஓராண்டு கவனித்து எழுதுக. அதுவரை கத்தி அதனருகே செல்ல வேண்டியதில்லை.